டவர் மாறும் பாலம்

நிஷித் பரூவா இன்னும் பதில் சொல்லவில்லை.
லீக் முடிந்து வருவானா, முதுகு வலிக்குமா,
யாருக்கும் தெரியாது.
அவன் இல்லையென்றால் நான்.
இடதுகைச் சுழல், ஒருமுறைகூட
நீலச் சட்டை போடாதவன்.
மூன்று நாளாகச் செருப்புகளுக்குப் பக்கத்தில் கிட்பேக்.

வேலந்தாவளம் செக்போஸ்ட் டீக்கடையில்
"காசுக்கு நாட்டை வித்துட்டான்" என்கிறார்
கோழி லாரி பீதாம்பரன்.
நானும் தலையாட்டுகிறேன்.
உள்ளுக்குள்,
இன்னும் நல்ல விலைக்குப் போடா ராசா.

பாலம் தாண்டினால் போன் துள்ளுகிறது:
கேரளம் வரவேற்கிறது.
திரும்பினால் தமிழ்நாடு.
இரண்டு தடவையும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

மூன்றாவது நிஜமான அழைப்பு.
கொழிஞ்சாம்பாறை கிளப் செயலாளர் உம்மர்.
"ஞாயித்துக்கிழமை ஃபைனலாக்கும்.
முன்பணம் வாங்கியிருக்கே,
வருவியல்லோ?"

பார்க்கலாம் இக்கா, என்றேன்.
முதுகு கொஞ்சம் பிடித்திருக்கிறது.