குறுக்குவெட்டு

ஆலங்குளத்தில் எங்கள் கல்லூரிக்கு
அப்போது சொந்தக் கட்டடம் கிடையாது.
ஓடாமல் கிடந்த ஒரு கல்யாண மண்டபம்.
பந்தி நடந்த கூடம்தான் தாவரவியல் ஆய்வகம்;
கை கழுவும் தொட்டிகள்
வரிசையாக இருந்தது வசதி.
நாற்பத்தொரு பேருக்கு நுண்ணோக்கி மூன்று.
ஒன்றில் ஒளி வாங்கும் கண்ணாடி இல்லை.
சப்ரினா தன் பவுடர் டப்பாவிலிருந்து பெயர்த்து
ஒட்டிக் கொடுத்தாள்.
ஜன்னலுக்கு வெயில் வரும் பதினோரு மணிக்குத்தான்
எங்களுக்குச் செல்கள் தெரியும்.

முதல் செய்முறை, தண்டின் குறுக்குவெட்டு.
வெட்டுக்காயப்பூண்டு, ஒரு பிளேடு,
வாட்ச் கிளாஸில் தண்ணீர்.
எல்லோருக்கும் வெண்டைக்காய்ப் பொரியலாக விழுந்தது.
எனக்கு மட்டும்
மிதப்பதே தெரியாத வட்டங்கள்.
"முப்புடாதி, முன்னாடி எங்கயாவது பழகுனியா?"
என்றார் ஜெபகனி மிஸ்.

ஒன்பது வயதிலிருந்து
தகரத்துண்டை அளவு வைத்து
பீடி இலை வெட்டுகிற கை இது.
நரம்பு எப்பக்கம் ஓடும் என்று
விரலுக்குத் தெரியும்.
குறுக்கே கிடந்தால் சுருட்டும்போது பிளக்கும்,
பிளந்தால் கழிவு.
இருபத்தைந்துக்கு ஒரு கட்டு;
ஒன்று கழிந்தால்
கம்பெனிக் கடையில் கட்டையே உதறுவார்கள்.
வலைப்பின்னல் நரம்பமைவு என்ற பெயர் மட்டும்தான்
கல்லூரியில் புதிதாகக் கிடைத்தது.

"இல்ல மிஸ்" என்றேன்.

இரண்டாம் வருடம் ஒருநாள்
ஊறப்போட்ட கட்டிலிருந்து ஓர் இலையை
ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்துக் கொண்டுபோனேன்.
கேரட்டைக் கீறி, நடுவில் செருகி, வெட்டி,
சஃப்ரானினில் முக்கி எடுத்தால்
ஒடிசாக் காட்டில் எங்கோ நின்ற மரம்
பவுடர் டப்பா வெளிச்சத்தில்
சிவப்பாக எழுந்து வந்தது.
அடித்தோலில் இலைத்துளைகள்,
மூடியதா திறந்ததா என்று சொல்ல முடியாமல்.
"ஏட்டி, இதையா உங்க வீட்ல
நாளைக்கு ஆயிரம் சுத்துதீங்க?"
சப்ரினா கண்ணை எடுக்கவே இல்லை,
பின்னால் ஏழு பேர் காத்திருந்தார்கள்.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன்:
இலைக்கு அடியில வாய் இருக்கும்மா, நூத்துக்கணக்குல.
பல்லில் கடித்த நூலை விடாமல் அம்மா சொன்னாள்:
"வாய் இருந்தா சோறுல்லா போடணும்.
நீ கொண்டுபோன இலைல
ரெண்டு பீடி வந்திருக்கும்."

துணைப்பாடம் வேதியியல்தான் இரண்டு தடவை காலை வாரியது.
பென்சீன் வளையத்தில்
இரட்டைப் பிணைப்பு எங்கே நிற்கிறதென்று
அதுவே முடிவு செய்யவில்லை,
நான் எப்படி எழுத?
மூன்றாம் தடவை நாற்பத்திரண்டு.

மாற்றுச் சான்றிதழில்
நடத்தைக்கு நேரே 'நன்று'.
விலகும் காரணம்: 'படிப்பு முடிந்தது'.
முடியல சார், இங்கருந்து அங்க மாறுதேன் என்றேன்.
"எல்லாருக்கும் இதான் போடுறது"
என்று முத்திரையைக் குத்தினார் எழுத்தர்.
மை காயும்வரை
தாளை விசிறிக்கொண்டே நின்றேன்.

சப்ரினா வரவில்லை.
பாவூர்ச்சத்திரத்தில்
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்துவிட்டாள்.
இங்க நுண்ணோக்கிக்கு உள்ளயே லைட்டு இருக்குட்டி,
ராத்திரியும் செல் தெரியுது என்று
குரல் அனுப்பியிருந்தாள்.
அந்தக் கண்ணாடி என்ன ஆனது என்று
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்தில்
ஆளுக்கொரு நுண்ணோக்கி.
"ஆலங்குளமா? அங்க பாட்டனி இருக்கா?"
"இருக்கு. கல்யாண மண்டபத்துல."
சிரித்தார்கள், நானும்தான்.
கைவெட்டுக்கு இங்கே மதிப்பெண் கிடையாது.
மெழுகில் புதைத்த தண்டைப் பூட்டி
சக்கரத்தைச் சுற்றினால் போதும்.
பத்து மைக்ரான்,
யார் சுற்றினாலும் பத்து மைக்ரான்.

என் முறை வந்தது.
ஒன்றின் விளிம்பில் ஒன்று ஒட்டி
நாடாவாக இறங்கிற்று மெழுகு.
யாரும் எண்ணச் சொல்லவில்லை.
இருபத்தைந்தாவது விழுந்ததும்
கை சக்கரத்தை விட்டுவிட்டு
மேசையில் எதையோ துழாவியது.
பக்கத்திலிருந்த ஆக்சிலியா கேட்டாள்,
"என்ன வேணும்? பிளேடா, பிரஷ்ஷா?"

நூல் என்று சொல்ல வந்து
பிரஷ் என்றேன்.