ரேடியோ நின்ற வாரம்

முதலில் நின்றது ரேடியோ.
விடியுமுன் தெருவையே எழுப்பிவிடும் சிவப்புக் கோழி.
வாய் ஓயாததால் மோராக் வைத்த பெயர்.
அன்று கூண்டின் மூலையில்
யாரோ கழற்றிப் போட்ட கோட்டைப் போல
இறக்கை இரண்டும் தரையில் தொய்ய உட்கார்ந்திருந்தது.

"வெயிலாக இருக்கும்" என்றேன்.
டனீடினில். நவம்பரில். பதினொரு டிகிரியில்.
மோராக் பார்த்த பார்வையில்தான்
கொஞ்சம் சூடு இருந்தது.

இருட்டுவதற்குள் போய்விட்டது.
மூன்றாம் நாள் பட்டன்.
பிறகு ஒரே காலையில் இரண்டு,
ஒன்றின் கழுத்து மற்றதன் முதுகில்.

பூண்டு தட்டிப் போட்டோம்.
தண்ணீரில் ஆப்பிள் காடி கலந்தோம்.
தீவன மூட்டையை மாற்றினோம்.
பேன், குடற்புழு, எலி, எதிர்வீட்டுப் பூனை,
தபால்காரர் பயமுறுத்திய பறவைக் காய்ச்சல் என்று
எங்கள் சந்தேகம் தெருத்தெருவாகச் சுற்றியது;
சொந்த வாசலை மட்டும் மிதிக்கவில்லை.

எச்சம் பாசிப் பச்சையில் இருந்தது.
படமெடுத்து வைத்திருக்கிறேன்,
கைப்பேசியில், அக்காள் மகள் கல்யாணப் படத்துக்கு அடுத்தபடி.

"உறைய விடாதீர்கள், குளிர மட்டும் வையுங்கள்"
என்றார் கால்நடை மருத்துவர் ஓர்லா.
அதனால் பட்டன் ஓரிரவு
வெண்ணெய்க்கும் பாதி எலுமிச்சைக்கும் நடுவில்
இரண்டு ரொட்டிப் பைகளுக்குள் தங்கியது.
பால் எடுக்கப் போனவன்
கதவைச் சாத்திவிட்டுக் கறுப்புத் தேநீர் குடித்தேன்.

ஒன்பது நாள் கழித்துத் தொலைபேசி.
கல்லீரலில் ஈயம்.
"வீட்டுக்கு என்ன வயது?"
"தொண்ணூற்றெட்டு."
"சமீபத்தில் எதையாவது சுரண்டினீர்களா?"

செப்டம்பரில் மூன்று சனிக்கிழமை
ஏணிமேல் நின்று
ஜன்னல் சட்டங்களைச் சுரண்டியவன் நான்தான்.
பழைய வெள்ளை சுருள்சுருளாய் உதிர்ந்தது.
ஓடிவந்து ஏணியடியில் கூடி
ஏழும் அண்ணாந்து பார்த்தன.
சிரித்தேன். இன்னும் கொஞ்சம் சுரண்டினேன்.
ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு
மற்றவற்றுக்குக் கொடாமல் ரேடியோ ஓடியதை
மோராக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இனிக்குமாம் அந்தப் பெயிண்ட்.
அதையும் ஓர்லாதான் சொன்னார்.

பிறகுதான் முட்டை ஞாபகம் வந்தது.

கீழ்வீட்டு சீனாவுக்கு ஞாயிறுதோறும் ஆறு கொடுப்போம்.
அவர்கள் மகன் யோவானே
இப்போதுதான் சோறு பழகுகிறான்;
மஞ்சள் கருவை மசித்து ஊட்டுவதாக
போன வாரம்தான் சொன்னாள்,
எங்களுக்கு நன்றி சொல்வதற்காக.

படியிறங்கிப் போனேன்.
பழக்கதோஷத்தில் கையில் காலி முட்டைப்பெட்டி.
அதைப் பார்த்துச் சிரித்தபடி கதவைத் திறந்தாள்.
"மிச்சம் இருப்பதைத் திருப்பிக் கொடு" என்பதைச் சொல்லி முடிக்க
எனக்கு மூன்று தடவை ஆயிற்று.

அவள் கத்தவில்லை.
குழந்தையின் வாயைத் துடைத்தாள்.
சுத்தமாகத்தான் இருந்தது, மறுபடி துடைத்தாள்.
இரண்டு முட்டையைக் கொண்டுவந்து
பெட்டியின் குழிகளில் வைத்தாள்,
உடையாமல், அத்தனை பதமாக.
உள்ளே தவிட்டா கார் சாவியைத் தேடும் சத்தம்.

இன்று வியாழன்.
ரத்தப் பரிசோதனை முடிவு திங்கட்கிழமைதான் வரும்.
மோராக் ஜன்னலடி மண்ணை
ஒரு சாண் ஆழத்துக்கு வாரி மூட்டை கட்டுகிறாள்.
முகமூடி போட்டிருக்கிறாள்;
என்னோடு பேசாமலிருக்க அதுவும் ஒரு வசதி.
மேலே ஜன்னல்கள் புது நீலத்தில் பளிச்சென்றிருக்கின்றன.
நல்ல வேலை என்று
போகிறவர்கள் நின்று சொல்கிறார்கள்.

ஏழில் மிஞ்சியது ஒன்று,
பெயர் வைக்க மறந்துபோன சாம்பல் நிறத்தி.
மண்ணை மிதிக்கக் கூடாதென்பதால்
குளியலறையில் அட்டைப்பெட்டிக்குள் குடித்தனம்.
ஊசி போட்டால் என் கட்டைவிரலைக் கொத்துகிறது.
கொத்தட்டும்.

இன்று காலை முட்டையிட்டிருக்கிறது.
எடுத்தேன். சுடுகிறது.
அடுப்புக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவில்
அதை ஏந்திக்கொண்டு நிற்கிறேன்.

சாத்திய கதவுக்குப் பின்னால்
அது கொக்கரித்து
ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது.