வார ஓய்வு

ஆறு நாள் இந்த மலையை
ஐம்பத்திரண்டு பேரோடு ஏறுகிறேன்.
ஏழாம் நாள்
என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு.

அஸ்தம்பட்டிப் பக்கம் திரும்பவில்லை.
அது சம்பளத்துச் சாலை,
இருபது கொண்டை ஊசியும்
என் வலது தோளில் குத்தியிருக்கிறது.
அயோத்தியாப்பட்டணம் தாண்டி
குப்பனூர் வழியைப் பிடித்தேன்.
ஐந்தேகால் மணி, மார்கழி.
மரவள்ளிக் காட்டுக்குள் பனி.
ஒரு மோட்டார் கொட்டகையில் மட்டும் விளக்கு.

சைக்கிள், முழங்கால் போன
மெடிக்கல் ரெப் ஒருவர் விற்றது.
முதல் ஏற்றத்திலேயே இடது கால்
இல்லாத கிளட்சை மிதித்தது.
கட்டைவிரல்
இல்லாத ஹாரனைத் தடவியது.

எனக்குத் தெரிந்த மலைக்கு ஒரே குரல்:
இரண்டாம் கியரின் முனகல்.
அது அடங்கிய இடத்தில்
என்னென்னவோ கேட்கிறது.
சங்கிலி பல் மாறும் சொடுக்கு,
சருகுக்குள் ஏதோ முடிவெடுத்து ஓடுவது,
கீழே எங்கோ பால் கேனின் மூடி,
அப்புறம் என் மூச்சு.
கண்டம் செய்ய வேண்டிய வண்டிதான் இதுவும்.

சாலைக்காக வெட்டிய பாறை
ஈரத்தில் எருமை முதுகாய்ப் பளபளத்தது.
ஒருமுறை சுத்தியலும் பையுமாய்
முன் சீட்டில் வந்த பெண் சொன்னாள்:
"பூமியோட அடிவயித்துல வெந்த கல்லுண்ணா இது.
வெந்து, அழுந்தி, மேல வந்தது."
சொன்னவள் ஒன்பதாம் வளைவில்
ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தாள்.
அதனால் நான் நம்பவில்லை.
இன்று ஒற்றைக் காலை ஊன்றி
பாறையில் கை வைத்துப் பார்த்தேன்.
சில்லென்று இருந்தது.
கொதித்ததெல்லாம் என் உள்ளங்கை.

ஊர்ப்பெயரைக் காதுகுத்துப் போஸ்டர் மறைத்திருந்தது.
பதினேழு வீடு, ஒரு அடிபம்பு,
வளைவின் விளிம்பில்
இடுப்புயரக் கல்லில் ஒரு வீரன்.
வாள் பிடித்த கை தேய்ந்துவிட்டது.
மாடு மீட்கப் போனவனாம். எந்த அரசன் காலமோ,
எழுத்தைப் பாசி வாசித்துக்கொண்டிருந்தது.
அவன் நெற்றியில்
லாரிக்கு ஒட்டும் சிவப்பு ரிஃப்ளெக்டர்.

"ராத்திரியில ரெண்டு வண்டி
அவரு மேல மோதிருச்சு" என்றாள்
குடத்தோடு நின்ற கனகவல்லி.
(பெயர் குடத்தில் இருந்தது, நீல பெயிண்டில்.)
"நகத்தி வைக்கலாம்னா
எந்தப் பக்கம்னு ஊரு ஒத்துக்கல."
என் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள்.
"மேல பஸ்ஸு போகுதே, எதுக்கு இந்தக் கஷ்டம்?"
அதை ஓட்டுகிறவன் நான்தான் என்று
சொல்ல வெட்கமாயிருந்தது.

கொட்டச்சேட்டுக்குக் கீழே
பின்னாலிருந்து அந்த முனகல் வந்தது.
திரும்ப வேண்டியதில்லை.
கியர் விழுமுன் அப்படியொரு தயக்கம்
எங்கள் டெப்போவில் ஒருவனுக்குத்தான்,
சூசைநாதன்.
ஒருபக்கம் பாறை, மறுபக்கம் வெறும் காற்று.
அந்த சீட்டில் நான் இருந்தால் என்ன செய்வேன்
என்பது எனக்குத் தெரியும்.
முன்னால் போகிற முதுகு
துள்ளி விழுகிற மாதிரி, நீளமாக.

அவன் அடிக்கவில்லை.
இரண்டு வளைவு
எஞ்சின் சூடு என் பிடரியில்.
நான் மிதிக்கிற வேகத்துக்கு
ஒரு பேருந்து முழுவதும் ஊர்ந்தது:
கோழிக்கூடை, உரமூட்டை,
முதல் மணிக்குப் போய்ச் சேர வேண்டிய
இரண்டு டீச்சர்கள்.
அகலமான இடம் வந்ததும் ஒதுங்கினேன்.
கை காட்டினேன்.
கடந்துபோன சூசைநாதனுக்கு
ஹெல்மெட்டுக்குள் இருந்த என்னைத் தெரியவில்லை.
தெரிந்திருந்தால் கட்டாயம் அடித்திருப்பான்.

மேலே காப்பிப் பழம் சிவந்து கிடந்தது.
சில்வர் ஓக் இடைவெளியில் சேலம்,
அதன் ஓரத்தில் வெள்ளைக்கல் சுரங்கம்,
யாரோ கொட்டிவிட்டு அள்ளாமல் போன உப்பு.
டீ குடித்தேன். இன்னொரு டீ.
நாளை நாலரைக்கு முதல் டிரிப்.

இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து
விரல்கள் மரத்துப்போயின.
சைக்கிளில் ஒரு மணி இருப்பது
அந்த வளைவில்தான் ஞாபகம் வந்தது.
ஒரே ஒரு தடவை, மெதுவாக, அடித்தேன்.

அவர் நகரவில்லை.
நான் சுற்றிக்கொண்டு போனேன்.