பராமரிப்புச் செலவு

கோட்டையூர் ரயில்வே கேட் தாண்டி இடப்பக்கம்
அரிசி ஆலையாய் இருந்து ஆய்வகமான கட்டடத்தில்
செவ்வாய் காலை பத்தரைக்கு
ஏழாம் திட்டத்தை மூட
நான் கையெழுத்துப் போட வேண்டும்.

சோடியம் மின்கலம். தெருவிளக்குக்கு.
இருபத்தாறு மாதம். ஒரு கோடியே நாற்பது லட்சம்.
ஐந்நூறு சுற்று தாங்கும் என்று
நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்,
ஏசி ஓடும் அறையில், இருபத்தைந்து டிகிரியில்.
போன சித்திரை அந்த அறிக்கையைப் படிக்கவில்லை.
மொட்டைமாடித் தகரப் பெட்டிக்குள்
அறுபத்தொன்று ஏறிய மதியம்
செல்கள் உப்பின,
வெள்ளைப் பணியாரம்போல, ஒவ்வொன்றாய்.
அந்த வெயிலை அப்படியே கீழே வெப்ப அறைக்குக் கொண்டுவந்தோம்.
அங்கேயும் உப்பின.

நிதி உண்ணாமலை திரையில் கட்டம் போட்டிருக்கிறாள்:
முதல் வாயில், இரண்டாம் வாயில், மூன்றாம் வாயில்.
"ஏழு, மூணாவது வாசல்ல பதினாலு மாசமா நிக்குது.
உள்ளயும் வரல, திரும்பியும் போகல.
வாசல்ல நிக்கிற ஆளுக்கு
எத்தன நாளைக்குக் காபி குடுக்கிறது?"
எல்லோரும் சிரித்தோம்.
நான் கொஞ்சம் தாமதமாக.

அவள் கேட்டதில் தப்பில்லை.
அதே பணத்தில் நான்காம் திட்டம்,
பம்புசெட்டுக் கட்டுப்பாட்டுப் பலகை,
ஆடிக்குள் சந்தைக்குப் போய்விடும்.
அதில் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை,
அதனால்தான் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.
எனக்கும். சம்பளம் அதிலிருந்துதான்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று:
தெரிந்துகொண்டதை எங்கே எழுதுவது?
இந்த உப்பு இந்த வெயிலுக்கு ஆகாது,
இந்தப் பசை ஐம்பத்தெட்டில் விட்டுவிடும்,
இந்த சப்ளையர் ஈரப்பதத்தில் பொய் சொல்கிறான்,
இதெல்லாம் பற்றிலா, வரவிலா?

உண்ணாமலை பேனா மூடியைக் கடித்தாள்.
ஐந்தொகை போட்டே கடல் தாண்டிய ஊரில்
ஒரு கணக்குக் கேள்விக்கு
யாரும் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.
"சொத்துன்னு எழுதினா தணிக்கையில கேப்பாங்க,
எங்க இருக்கு, காட்டுன்னு."

எங்கே இருக்கிறது?
சேவுகனிடம்.
டெக்னீஷியன். ஐடிஐ. பச்சை அட்டை நோட்டு.
நான் தந்த படிவத்தில் இல்லாத ஒரு கட்டத்தை
ஸ்கேல் வைத்து அவனே போட்டிருக்கிறான்,
தலைப்பு: மற்றவை.
      14 – கரண்ட் போய் வந்தது, 40 நிமிஷம்.
      22 – புளிச்ச வாடை.
      31 – உப்பல. ஏன்னு தெரியல.
அடுத்த வாரம்
      31 – உப்பல. ஏன்னு தெரியல.
நான்கு மாதமாய்
அதே கையெழுத்தில், அதே வரி.

நான் பார்க்கவே இல்லை.
நான் சராசரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாற்பது செல்லில் ஒன்று நன்றாயிருப்பது
சராசரிக்குள் ஒரு தசமப் புள்ளி.

ஒன்றை வைத்துக்கொண்டு
ஒரு கோடி கேட்க முடியாது.
பதினொன்றே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டேன்.
இருவர் பம்புசெட்டுக்கு மாறினார்கள்.
கவின்மலர் அன்றைக்கே பெங்களூருக்கு விண்ணப்பித்தாள்;
பரிந்துரைக் கடிதம் நான்தான் எழுதினேன்,
பொய்யில்லாமல், நீளமாக.

மாலை வெப்ப அறையை அணைக்கப் போன சேவுகன்
முப்பத்தொன்றின் முன்னால் நின்றான்.
"மேடம், இத?"

வரவு இல்லை. ஆராய்ச்சி என்ற தலைப்பும்
காலையிலேயே மூடியாயிற்று.
மிச்சமிருந்த தலைப்புகளை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு
'பராமரிப்புச் செலவு' என்று எழுதி
மாதம் எழுநூறு ரூபாய் மின்சாரம் போட்டு
உண்ணாமலை மேசைக்கு அனுப்பினேன்.
அவள் கண்ணுக்கு ஏழு ரூபாய்கூடத் தப்பாது.

புதன்கிழமை தாள் திரும்பி வந்தது.
அடித்திருக்கவில்லை.
ஓரத்தில் பென்சிலில்,
எவ்வளவு நாளைக்கு?

இன்னும் பதில் எழுதவில்லை.
வெளியே நாற்பத்தொன்று. உள்ளே அறுபது.
அறுநூற்றுப் பன்னிரண்டாம் சுற்று.
தட்டையாகத்தான் இருக்கிறது.
ஏனென்று தெரியவில்லை.