அரை மணிக்குப் பதினைந்து ரூபாய்

வீரவநல்லூர்க் கல்யாணப் பந்தியில்
என் இலையைத் தாண்டி சாம்பார் வாளி போன நேரம்
முன்பின் பார்த்திராத ஒருவர்
கை கழுவாமலே எழுந்து வந்து கேட்டார்:
"பிரமநாயகம் சார் வீட்டம்மாதானே?
மிக்ஸி சரியாயிட்டா?"

மிக்ஸி எரிந்தது போன செவ்வாய்.
கருகல் வாடை எங்கள் மாடிப்படியைக் கூடத் தாண்டவில்லை.
அவருக்கோ பெங்களூரில் வேலையாம்.
"ராத்திரி வாசிக்காம படுக்க மாட்டோம்.
என் வீட்டுக்காரி கேட்டுக்கிட்டே இருப்பா,
மைதிலிய எப்பப் பாப்போம்னு."

என் பெயர் சங்கரவடிவு.

இவர் மின்வாரிய ஆபீசுக்குக் கிளம்பிய திங்கட்கிழமை
வீட்டைப் பூட்டிக்கொண்டு வண்ணார்பேட்டைக்கு பஸ் ஏறினேன்.
ஜவுளிக்கடை மாடியில் பிரவுசிங் சென்டர்,
பச்சைத் திரை போட்ட ஆறு கூண்டுகள்.
நோட்டில் பெயர் எழுதச் சொன்ன பையன்
"பரீட்சை ரிசல்ட்டாக்கா?" என்றான்.
ஆமாம் என்றேன்.

முதலில் வெறும் கட்டங்கள்,
தீப்பெட்டி அடுக்கின மாதிரி.
"ஃபாண்ட் இல்லக்கா" என்று அவன் எதையோ தட்டித் தட்டி
கால் மணியைத் தின்றான்.
பிறகு தமிழ் வந்தது.
தமிழில் என் அடுக்களை வந்தது.

ரசத்துக்கு நான் உப்புப் போட மறந்தது.
ஆறு நாள் தங்கிப்போன என் அம்மா
டிவி ரிமோட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டது.
தூக்கத்தில் நான் பல்லை நறநறவென்று கடிப்பது
(எனக்கே இது அன்றைக்குத்தான் தெரியும்).
குறுக்குத்துறையில் மைதிலி
ஆற்றில் கால் நனைத்துச் சிரித்தாளாம்.
அன்றைக்கு வலது கால் செருப்பு தண்ணீரோடு போய்
வீடு வரைக்கும் இவரைத் திட்டிக்கொண்டே வந்தவள் நான்.
என்னைவிட மைதிலிக்குக் கோபம் குறைவு,
பேச்சு அழகு.
அவளை எனக்கும் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது, எளவு.

அப்புறம் பிப்ரவரி பதினொன்று.

ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி, ஆறாம் மாதம்.
கண் விழித்து நான் கேட்டேன், என்ன குழந்தையென்று.
"அதெல்லாம் சொல்லலையே.
காப்பி குடிக்கியா?"
அவ்வளவுதான் இவர் பேசினது.
பதினான்கு மாதமாக அவ்வளவுதான்.

திரையில் இருந்தது:
"பெண். நர்ஸ் சொன்னார்.
மைதிலியிடம் தெரியாதென்று சொல்லிவிட்டேன்.
தெற்கு பஜாரில் வாங்கின வெள்ளிக் காப்பு
ஆபீஸ் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.
இன்று ரசீதுக் கட்டுக்கடியில் கை பட்டது.
கக்கூசில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்."

பெங்களூர்க்காரருக்குத் தெரியும்.
அவர் வீட்டுக்காரிக்குத் தெரியும்.
சிங்கப்பூரில் யாருக்கோ, துபாயில் யாருக்கோ.
என் வயிற்றில் இருந்தது பெண்ணென்று
எனக்கு மட்டும் இப்போது, பதினொன்று இருபதுக்கு,
பக்கத்துக் கூண்டில் ஒருவன் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருக்க.

"டைம் முடிஞ்சிட்டுக்கா, நீட்டவா?"

ராத்திரி இவர் எழுத உட்கார்ந்தார்.
மோடம் கத்தி அடங்கியது.
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.
முதுகுக்குப் பின்னால் சாவிகள் டக்டக்கென்று போய்
நின்று, போய்.
எனக்கு மைதிலியாக ஒரு நிமிஷம் திரும்பிப் படுக்கத் தோன்றியது.
தெரியவில்லை, அவள் எப்படித் திரும்புவாளென்று.

இன்று டிபன் கேரியரை மறந்துவிட்டுப் போனார்.
மறக்கவில்லை, நான்தான் எடுத்து ஒளித்துவைத்தேன்.
பன்னிரண்டரைக்குக் கொண்டுபோனேன்.
இவர் கை கழுவப் போன நேரம் இழுப்பறையை இழுத்தேன்.
காப்பு என் இரண்டு விரலுக்குக்கூடப் போதாது.
எடுக்கவில்லை.
அதனடியில் பிரவுசிங் சென்டர்த் துண்டுச்சீட்டை வைத்தேன்:
தேதி, நேரம்,
ரூபாய் பதினைந்து,
பெயர் சங்கரவடிவு.

"புளி தூக்கலா இருக்கு" என்று சாப்பிட்டார்.

இப்போது மணி நாலு.
போன் அடிக்கவில்லை.
மிக்ஸியைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்,
அது நன்றாகத்தான் ஓடுகிறது.