மாதிரி எண் அறுபத்தொன்று

காலை ஆறே முக்கால். தண்ணீர்மலைத் தோட்டம்.
ஒரு குரங்கு எழுந்து போகட்டும் என்று நிற்கிறேன்,
கையில் கரண்டியும் மூடி திறந்த புட்டியுமாக.
"என்னம்மா தொலைச்சே?" நடைக்கு வந்த பெரியவர்.
தோடு என்றேன். அதுதான் சுருக்கம்.
பாவம், பத்து நிமிடம் குனிந்து தேடினார்.

லேபில் உப்புக் கரைசல்.
கசடு அடங்கும், புழுமுட்டை மிதக்கும்.
நான் எண்ணினால் பன்னிரண்டு,
நடீரா எண்ணினால் பதினேழு.
டாக்டர் லிம் எதுவும் சொல்லவில்லை,
நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டார்.
முதல் மாதம் நான் முட்டை என்று எழுதியதில் பாதி
காற்றுக்குமிழ்.

கால்நடை மருத்துவம் படிக்க
செர்டாங்குக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
விலங்குகளைக் கையாண்ட மணிநேரம்.
பத்து மாதம், தொண்ணூற்றாறு புட்டி,
ஒரு வாலைக்கூடத் தொட்டதில்லை.
தொடக் கூடாது, தீனி போடக் கூடாது,
பெயர் வைக்கக் கூடாது.
அறுபத்தொன்றாம் புட்டிக்காரிக்கு
இடக்கையில் இரண்டு விரல் இல்லை.
வைத்தேன். சொல்ல மாட்டேன்.

பூஜ்ஜியம் என்று அடித்தேன்.
பூஜ்ஜியத்தைவிடப் பெரிய எண் வேண்டுமாம் திரைக்கு.
அப்பா எட்டிப் பார்த்து,
"வீட்டுப் பூனையைக் குளிப்பாட்டினியே,
அதையும் சேரு" என்றார்.
அது என்னைக் கையாண்ட மணிநேரம்.

இரண்டு வாரமாக அவளைக் காணோம்.
வராதவளுக்கு அட்டவணையில் பத்தி இல்லை.
இன்றைக்கும் போனேன்.
மரத்தடியில் அந்தப் பெரியவர்,
சிரித்த முகமாய் உள்ளங்கையை விரிக்கிறார்:
மண் ஒட்டிய
யாருடையதோ ஒரு தோடு.