தொண்ணூறு விநாடி

டோகாவில், பயிற்சி விமானத்தின் பொய்ப் புகைக்குள்
கத்தப் பழக்கினார்கள்:
பையை விடு. குதி.
தொண்ணூறு விநாடிதான்.

லீவில் வந்தேன். மாங்குளம் தாண்டி
பஸ் எஞ்சினுக்குள் புகை.
வாய் தானாகத் திறந்தது:
"பையளை விடுங்கோ! குதியுங்கோ!"

விட்டார்கள். செருப்பு, முருங்கைக்காய்க் கட்டு,
ஐஸில் கிடந்த முரல் மீன்.
ஏழாம் சீற்றில் ஒருத்தி மட்டும்
பொலித்தீன் உறையை நெஞ்சோடு அமத்திக்கொண்டு.
இழுத்தேன். அசையவில்லை.

"ஒருக்கா விட்டிட்டு ஓடினனான், பிள்ளை."

ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு.
சீற்றுத் துணி உருகி மணத்தது.
உறையோடு சேர்த்தே அவவைக் கட்டிப்பிடித்து
விழுந்தேன், கிரவலில்.

முழங்கை எரிய, வீதியோரம் எண்ணினேன்:
நாற்பத்தொரு பேர்.

"நாற்பத்திரண்டு" என்றா தவமலரக்கா,
உறைக்குள்ளிருந்து
ஒரு பாடசாலை அடையாள அட்டையை எடுத்து,
சேலைத் தலைப்பால் கரி துடைத்து.